பற்றுப் போட்ட கையோடு கேட்ட கேள்வி

கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

முதலாளி என்னிடம் கேட்டது வேறு. ஒரு குப்பி வாங்க வந்தவரை எப்படிப் பேசி மூன்று குப்பியோடு அனுப்புவது என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். கிழக்கேகோட்டையில் அவருடைய ஆயுர்வேத மருந்துக்கடையில் இருபத்தாறு வருடம் நின்றவள் நான். அந்த வித்தை எனக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம். தெரியும்தான். என் வீட்டிலேயே அது நன்றாக வேலை செய்தது, அதுதான் தொல்லை. அவர் கேட்டதை விட்டுவிட்டு அதை எழுதுகிறேன். படித்துவிட்டு அவர் முகத்தைச் சுளித்தால் ஒரு கிளாஸ் ஜீரகத் தண்ணீர் கொடுங்கள்.

எந்த அரிஷ்டம் எந்த அலமாரியில் இருக்கிறது, எந்தக் குழம்புத் தைலம் எப்போது காலாவதியாகும் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்குத் தானாக வந்துவிடும். வராதது ஒன்று உண்டு. எதிரே நிற்பவர் "வலி போச்சு" என்றால் அதை எவ்வளவு நம்புவது? இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபத்தாறு வருடமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஆயிற்று.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வங்கி அதிகாரி தலைவலி என்று வந்தார். ராஸ்னாதிப் பொடி கொடுத்தேன். குளித்துவிட்டு உச்சந்தலையில் ஒரு சிட்டிகை தேய்க்கிற பொடி அது. இந்த ஊரில் அது இல்லாத குளியலறை கிடையாது. அதனால் எப்படி உபயோகிப்பது என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாம் நாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் மெடிசின், மேடம். தலைவலி க்ளீனா போச்சு. டேஸ்ட் மட்டும் கொஞ்சம் மோசம்."

தேனில் குழைத்து மூன்று நாளும் சாப்பிட்டிருக்கிறார். பதறிப்போய், சாப்பிடக் கூடாது, தலையில் தேய்க்க வேண்டும் என்று விளக்கினேன். அடுத்த வாரம் வந்து குறைபட்டுக்கொண்டார்: தலையில் தேய்த்தால் முன்பு போல் கேட்கவில்லையாம்.

சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். அந்த மனிதருக்குத் தலைவலி போனது நிஜம். எதனால் போனது என்பதுதான் யாருக்கும் தெரியாது. மூன்று நாள் கழிந்ததால் போயிருக்கலாம், நல்ல தூக்கத்தால் போயிருக்கலாம், யாரோ ஒருத்தி அக்கறையாகக் கேட்டதால்கூடப் போயிருக்கலாம். நாமோ பொடியின் பெயரில் வரவு வைத்துவிடுகிறோம்.

அதற்குப் பிறகுதான், கடையின் பின்னறையில் நோயாளிகளைப் பார்க்கும் வைத்தியரைக் கேட்டு, தலைவலி என்று வருகிறவர்களிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளை எழுதிக் கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். எத்தனை நாளாக? காய்ச்சல், வாந்தி உண்டா? குனிந்தால், இருமினால் கூடுகிறதா? கண் மங்குகிறதா, ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? பதில் சரியில்லை என்றால் பொடியும் கிடையாது, தைலமும் கிடையாது. டாக்டரிடம் போகச் சொல்லிவிடுவேன். சிலர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடையில் வாங்கிப் போனார்கள். முதலாளி மூக்கால் அழுதார். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமே இருந்தது. அந்த ஐந்து கேள்விகளும் கடைக்கு மட்டும்தான், வீட்டுக்கு இல்லை என்று நான் எப்போது முடிவு செய்தேனோ, தெரியவில்லை.

என் மகள் மீனுவுக்குப் போன வருடம் பதினெட்டு வயது, கல்லூரியில் முதல் வருடம். மழை தொடங்கிய மாதத்தில் அவளுக்குத் தலைவலி வந்தது. மழை, நீர்க்கோர்வை, தலைவலி. வரிசை எனக்குச் சரியாகப் பட்டது. சுக்கை உரைத்து வெந்நீரில் குழைத்து நெற்றியில் பற்றுப் போட்டேன். போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும், அது காயத் தொடங்கியதும் நெற்றியில் யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்த மாதிரி இருக்கும். கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்றேன்.

"எப்பிடி இருக்கு மக்கா? போச்சா?"

"போச்சும்மா."

"நெசமாட்டா?"

"நெசமாட்டுதான். இனி கழுவட்டா?"

இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தது. இளநீரில் கச்சூராதிப் பொடியைக் குழைத்து உச்சியில் வைத்தேன். "போச்சா?" "போச்சு." அந்த வாரமே மறுபடியும். நொச்சி இலையை உலர்த்திப் பருத்தி உறையில் அடைத்துத் தலையணை தைத்துக் கொடுத்தேன். அதில் படுத்தால் அறை முழுக்க நாட்டுமருந்து மூட்டை வாசனை அடிக்கும். "போச்சா?" "அப்பவே போச்சு." நான்காவது வைத்தியத்தின்போது நான் கிண்ணத்தோடு அறைக்குள் நுழைவதற்கு முன்பே "போச்சு" என்றாள். அதையும் மருந்தின் மகிமையில் சேர்த்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிறவர். நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு கரமனைக்கு வந்தவர். எதையும் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டார்.

"கண் டாக்டர்ட்ட ஒருக்கா காட்டலாம்லா? சதா போனையே பாத்துட்டு இருக்கா," என்றார்.

"வீட்டுக்குள்ளயே இவ்வளவு மருந்து இருக்கம்போ கண் டாக்டர் எதுக்கு?"

"அதுதான் சொல்லுகேன். நமக்கு இருக்கது ஒத்தைப் பொண்ணு. நீ சாம்பிள் மாதிரில்லா வச்சிருக்க."

நான் முறைத்தேன். அவர் தினசரியை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் என் வெட்கக்கேடு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த வைத்தியம் நடந்த மூன்று வாரமும் கவுண்டரில் நான் பேசிய பேச்சு இதுதான்: "என் பொண்ணுக்கே இதைத்தான் போடுகிறேன், ஒரே பற்றில் போய்விடும்." அம்மா ஒருத்தி தன் மகளுக்குப் போட்டது என்றால் அதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்? அலமாரி காலியாயிற்று. முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார், அது அபூர்வமாக நடக்கிற காரியம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆவி பிடிக்க ஏற்பாடு செய்தேன். பெரிய பாத்திரத்தில் நொச்சியும் துளசியும் போட்டுக் கொதிக்க வைத்து, மீனுவைக் குனிய வைத்து மேலே கம்பளியைப் போர்த்தினேன். உள்ளேயிருந்து முணுமுணுப்பு கேட்டது.

"அம்மா, குனிஞ்சா கூடுது."

"ஆவி உள்ளே கேறும்போ அப்பிடித்தான் இருக்கும். வாயை மூடிட்டு மூக்கால இழு."

மூன்றாவது கேள்விக்கான பதிலை, நான் கேட்காமலேயே, என் மகள் சொன்னாள் பாருங்கள். கடையில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் கம்பளியை உருவி எறிந்திருப்பேன். பத்து நிமிடம் கழித்துத்தான் எடுத்தேன். மீனு வேர்த்து விறுவிறுத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்கள் திறந்துதான் இருந்தன.

"கரண்ட் போயிட்டாம்மா?" என்றாள்.

தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வெயில் அவள் மடியிலேயே விழுந்துகொண்டிருந்தது.

 அந்த நொடியில் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "ஆவி கண்ணுல பட்டிருக்கும்." இருபத்தாறு வருட அனுபவம் பேசிய பேச்சு அது. சில நொடிகளில் அவளுக்குப் பார்வை திரும்பிவிட்டது. ஃபேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறைக்கப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல. இப்ப சரியாயிட்டு."

"தலைவலி?"

"அதும் போச்சு."

நான் ஈரத் துண்டைக் கையில் எடுத்துவிட்டேன். முகத்தைத் துடைத்து, கண்ணுக்கு இரண்டு சொட்டு விட்டு, படுக்க வைத்திருப்பேன். அப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துத்தான் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. வாசற்படியில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் உள்ளே வந்து அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். கையில் கிண்ணமும் இல்லை, இலையும் இல்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்.

"இதுக்கு முன்ன இது எத்தனை மட்டம் வந்திருக்கு மக்கா?"

மீனு என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"குனிஞ்சா எப்பவும் வரும்பா. ஷூ லேஸ் கெட்டும்போ ஒரு நிமிசம் எல்லாம் சாம்பல் மாதிரி ஆயிரும். காதுக்குள்ள டப்டப்னு கேட்டுட்டே இருக்கு."

"தலைவலி எப்ப போச்சு?"

"போகவே இல்லப்பா."

நான் குறுக்கே விழுந்தேன். "என்னட்டி சொல்லுக? எங்கிட்ட போச்சு போச்சுன்னு சொன்னியே!"

"சொல்லலேன்னா நீ அடுத்ததைக் கொண்டு வருவே," என்றாள்.

உடனே ஆட்டோ பிடித்தோம். கண் ஆஸ்பத்திரியில் அன்று பணியில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். விளக்கைக் கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். மற்ற கண்ணையும் பார்த்தார். பிறகு மறுபடியும் முதல் கண். மருந்துக்கடையில் நின்ற எனக்கு ஒன்று தெரியும்: பார்த்த இடத்தையே திரும்பப் பார்த்தால் அங்கே நல்ல செய்தி எதுவும் இல்லை.

என்ன மருந்து கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குப் பேச இடம் கிடைத்துவிட்டது. சுக்கு, கச்சூராதி, நொச்சி, துளசி, எது எந்த நாளில், எதில் குழைத்தது, ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவர் பேனாவை எடுக்கவே இல்லை.

"வேறெ எந்தெங்கிலும்?" என்றார். வேறு ஏதாவது என்று கேட்கிறார்.

"வேற ஒண்ணும் கெடையாது. என் பொண்ணு இங்கிலீஷ் மருந்தே சாப்பிட மாட்டா," என்றேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு.

டாக்டர் மீனுவைப் பார்த்தார். அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என் பக்கம் திரும்பி, "அம்ம ஒந்நு புறத்து இரிக்காமோ?" என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். கொஞ்சம் வெளியே உட்கார வேண்டும் என்று அர்த்தம். அவளுடைய அப்பாவை உள்ளேயே இருக்கச் சொன்னார்.

பிள்ளைகளே, அந்த டாக்டருக்கு என் மகள் வயதுக்கு மேல் ஒரு பத்து வயது இருக்கும். இந்தத் தொழிலில் நான் பார்த்த மிகச் சரியான முடிவு அது. ஒரு மருந்தும் எழுதுவதற்கு முன்னால் என்னை வெளியேற்றினார். தலைமுடியில் நொச்சி இலையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பாட்டியம்மா அதை எடுத்துக் கையில் கொடுத்தார். சாமி பிரசாதம் என்று நினைத்திருப்பார் போல, இரண்டு கையாலும் கொடுத்தார்.

உள்ளே வெளிவந்த விஷயம் இது. மீனுவுக்கு முகப்பரு. பதினைந்து வயதிலிருந்து நான் அதையும் விட்டுவைக்கவில்லை. ரத்தசந்தனமும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூசிப் பூசி, கோயில் தேர்போலத்தான் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். கல்லூரிக்குப் போனதும் தோழியோடு ஒரு தோல் டாக்டரைப் பார்த்திருக்கிறாள். அவர் கொஞ்ச நாளைக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, மறுபடி வந்து காட்டச் சொல்லியிருக்கிறார். முகம் தெளிந்த சந்தோஷத்தில் இவள் காட்டப் போகவில்லை. அதே சீட்டை வைத்து மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். மாத்திரை அட்டையைக் கால்குலேட்டர் உறைக்குள் ஒளித்து வைத்தாளாம். நான் பார்த்தால் மனசு கஷ்டப்படுவேனாம். முகம் தெளிந்தது என் சந்தனத்தால்தான் என்று அதையும் கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை வேறு சொல்ல வேண்டுமா?

அந்த வகை மாத்திரை ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. அபூர்வமாக ஒருவருக்கு மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைக் கூட்டிவிடும். அந்த அழுத்தம் கண் நரம்பை நெரிக்கும். மீனுவின் இரண்டு நரம்பும் வீங்கியிருந்தன. இன்னும் சில வாரம் போயிருந்தால் போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், முதுகெலும்பில் ஊசி போட்டு அழுத்தத்தை அளந்தார்கள், அந்த மாத்திரையை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார்கள். தலைவலி மெதுவாக இறங்கியது. பார்வை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

சுக்குப் பற்று பொய் என்று நான் சொல்லவில்லை. நீர்க்கோர்வைத் தலைவலிக்கு நானே இப்போதும் போட்டுக்கொள்கிறேன், எரிச்சலோடு. நான் சொல்வது வேறு. மருந்தை அரைத்தவர், பூசியவர், விற்றவர், அந்தக் கை காய்வதற்கு முன் "போச்சா?" என்று கேட்டால் எதிரே இருப்பவருக்கு ஒரே ஒரு பதில்தான் சொல்ல முடியும். அன்புள்ளவர் என்றால் உங்கள் மனம் நோகக் கூடாது என்று சொல்வார். பயந்தவர் என்றால் அடுத்த மருந்துக்குப் பயந்து சொல்வார். என் மகள் இரண்டு காரணத்துக்காகவும் சொன்னாள். ஆகவே கடையில் ஒரு வழக்கம் வையுங்கள். நீங்கள் விற்றதைப் பற்றி நீங்கள் கேட்காதீர்கள், பக்கத்துக் கவுண்டர்காரர் கேட்கட்டும். "போச்சா" என்றும் கேட்க வேண்டாம். "இப்போது எப்படி இருக்கிறது" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். வீட்டில் என்றால், கிண்ணத்தைத் தொடாத ஆளை அனுப்புங்கள். நான் அந்த வழக்கத்துக்குப் பழக முடியாமல் ஐம்பத்திரண்டு வயதில் வேலையை விட்டேன். கவுண்டரில் யாராவது சிரித்துக்கொண்டே "வலி போச்சு சேச்சி" என்றால் ஐந்து கேள்விகளையும் மறுபடி முதலிலிருந்து கேட்க ஆரம்பித்துவிடுவேன். வியாபாரத்துக்கு அது ஆகாது.

மனிதர் அவ்வளவு சீக்கிரம் திருந்துவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்வைப் பரப்பை அளக்க ஒரு இயந்திரம் இருக்கிறது. கிண்ணம் போன்ற வெள்ளைத் திரைக்குள் முகத்தை வைக்க வேண்டும். அங்கங்கே சின்ன வெளிச்சப் புள்ளிகள் மினுங்கும். தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். மீனு உள்ளே போவதற்கு முன் நான் அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, பரீட்சைக்கு அனுப்புகிற மாதிரி சொன்னேன்: "நல்லா செய்யணும் மக்கா, ஒண்ணையும் விட்டுராதே."

அவள் விடவில்லை. கடகடவென்று அமுக்கித் தள்ளினாள். பாதியில் அந்த டெக்னீஷியன் பெண் நிறுத்திவிட்டாள்.

"மோளே, லைட் காணும்போ மாத்ரம் ஞெக்கியா மதி."

வெளிச்சம் தெரிந்தால் மட்டும் அமுக்கினால் போதும் என்கிறாள். அந்த இயந்திரம் நடுநடுவே வெளிச்சமே காட்டாமல் சத்தம் மட்டும் கொடுத்துச் சோதிக்குமாம். சத்தத்துக்கெல்லாம் என் மகள் அமுக்கியிருக்கிறாள். "இந்தக் குட்டிக்கு இல்லாத வெளிச்சமும் தெரிகிறது," என்று டெக்னீஷியன் சிரித்தாள். நான் மூன்று வாரத்தில் கண்டுபிடிக்காததை இயந்திரம் மூன்று நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டது. அது என் மகளைப் பெறவில்லை அல்லவா?

மறுபடியும் முதலிலிருந்து. இந்த முறை என்ன சொல்லி அனுப்புவது என்று தெரியவில்லை. "தெரியலேன்னா அமுக்காதே," என்று மட்டும் சொன்னேன். அவள் அமுக்காத ஒவ்வொரு இடைவெளியையும் கதவுக்கு வெளியே நின்று எண்ணினேன். காகிதத்தில் இடது கண்ணின் படத்தில், மூக்குப் பக்கம் கீழே, ஒரு கறுப்புத் திட்டு வந்திருந்தது.

போன மாதம் நாலாவது பரிசோதனை. திட்டு பாதியாகச் சுருங்கியிருக்கிறது. மீதி போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். மீனு வெளியே வந்து வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்த இடத்துல இப்பவும் தெரியல கேட்டியா."

எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"எங்க மக்கா? காட்டு."

அவள் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நேரே பார்த்தாள். என் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தன் முகத்துக்கு முன்னால் காற்றில் மெதுவாக நகர்த்தினாள். மேலே, கீழே, மூக்குப் பக்கமாக. ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இங்க. இங்க வரும்போ உன் விரல் இல்ல."

விரலை அங்கேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.